பந்தைச் சுமப்பவர்: அமெரிக்கக் கால்பந்தில் ரன்னிங் பேக்கின் ஸ்தானம்



1920-ஆம் ஆண்டு ஒஹையோ மாநிலத்துக் கான்டன் நகரில் தோன்றி, 1922-இல் என்.எஃப்.எல். என்ற பெயரைப் பெற்ற அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீக்கில், எந்த ஆட்டக்காரரைக் காண ஜனங்கள் முதன்முதலில் திரண்டு வந்தார்களோ, எவருடைய பெயரைத் தெருவில் ஆடும் சிறுவர்கள் தங்களுக்குச் சூட்டிக்கொண்டு ஓடினார்களோ, அந்த ரன்னிங் பேக் என்னும் ஆட்டக்காரரைப் பற்றி இன்று இரண்டு கட்சிகள் நேர் விரோதமான அபிப்பிராயங்களைச் சொல்லி வருகின்றன. அவர் இல்லாவிட்டால் தாக்குதலே இல்லை என்பது ஒரு கட்சி. அவருடைய இடத்தில் யாரை நிறுத்தினாலும் ஒன்றுதான் என்பது மற்றொரு கட்சி. முன்னதில் பழைய பயிற்சியாளர்களும் ரசிகர்களும் இருக்கிறார்கள். பின்னதில் புள்ளிவிவரக்காரர்களும் அணி நிர்வாகிகளும் இருக்கிறார்கள். சம்பளம் கொடுக்கும் கை பின்னவர்களுடையதாகையால், இது பொழுதுபோக்குக்காகப் பேசும் விவாதமாக நின்றுவிடாமல், பல இளைஞர்களின் ஜீவனத்தைத் தொடும் விஷயமாகிவிட்டது. இரு கட்சியாரும் அவர் ஓடிய தூரத்தைக் கொண்டே அவரை அளக்கிறார்கள் என்பதும், அவருடைய உண்மையான உபயோகம் வேறிடத்தில் இருக்கிறது என்பதுமே இன்று நான் சொல்ல வந்தது.

ஆட்டத்தின் அமைப்பை அறியாத அன்பர்கள் இந்தச் சபையில் பலர் இருக்கக்கூடும். அவர்களுக்காக அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நூறு கெஜ நீளமுள்ள மைதானத்தில் பக்கத்துக்குப் பதினொருவராக இரண்டு அணிகள் எதிரெதிரே நிற்கின்றன. பந்து எந்த அணியிடம் இருக்கிறதோ அந்த அணி நான்கு முயற்சிகளுக்குள் பத்து கெஜமாவது முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடியும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். தவறினால் பந்து எதிராளிக்குப் போய்விடும். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக நிலத்தைப் பிடித்துக்கொண்டே போய் எதிராளியின் எல்லைக்கோட்டைக் கடந்தால் அது டச்டவுன். அதற்கு ஆறு புள்ளிகள். முன்வரிசையில் ஐந்து பெருத்த சரீரிகள், நடுவில் சென்டரும் அவருக்கு இருபுறமும் கார்டுகளும் அவர்களுக்கு அப்பால் டேக்கிள்களுமாக, எதிராளிகளை மறித்து நிற்பார்கள். சென்டர் பின்னால் தள்ளிவிடும் பந்தை வாங்குகிறவர் குவார்ட்டர்பேக். உத்தரவு போடுகிறவரும் பந்தை எறிகிறவரும் அவரே. ஓரங்களில் நின்று, புறப்பட்டு ஓடிப் பந்தைப் பிடிப்பவர்கள் ரிசீவர்கள். இவர்களுக்கெல்லாம் பின்னால், குவார்ட்டர்பேக்குக்குப் பக்கத்திலோ சில கெஜம் தள்ளியோ, முழங்கால்களில் கைகளை ஊன்றிக்கொண்டு ஒருவர் நிற்கிறார். அவர்தாம் ரன்னிங் பேக். நம் ஊர்ச் சடுகுடுவில் பாடிப் போகிறவரை எதிர்க்கட்சி முழுவதும் சூழ்ந்து அமுக்குவதைப் போல, இவர் பந்தோடு புறப்பட்டுவிட்டால் பதினொரு பேரும் இவர் மேல் விழுவார்கள். ஆனால் பாடிப் போகிறவருக்கு இல்லாத ஒரு சௌகரியம் இவருக்கு உண்டு: இவர் புறப்படப்போகிறாரா இல்லையா என்பதே எதிராளிக்குத் தெரியாது.

அந்த இடத்திலிருந்து அவர் மூன்று காரியங்களில் எதை வேண்டுமானாலும் செய்யலாம். பந்தைக் கையில் வாங்கி ஓடலாம். பந்தில்லாமல் ஓடிப்போய், எறியப்படும் பந்தைப் பிடிக்கலாம். இரண்டும் இன்றி நின்ற இடத்திலேயே நின்று, குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்ந்து வருகிறவனைத் தம் உடம்பால் மறிக்கலாம். முன்வரிசைக்காரர் எப்போதும் மறிப்பவர், ரிசீவர் பெரும்பாலும் பிடிப்பவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு தொழில் ஏற்பட்டிருக்க, இந்த ஒருவருக்கு மட்டும் மூன்று தொழில். அவற்றுள் எது நடக்கப்போகிறது என்பதை எதிராளி ஒரு நொடி தாமதித்து அறிந்தால் போதும், தாக்கும் அணிக்கு வழி கிடைத்துவிடும். எதிராளியின் மனத்திலே எழும் சந்தேகந்தான் தாக்கும் அணியின் முதன்மையான மூலதனம் என்றும், அந்த மூலதனம் கரைந்துபோகாமல் காப்பவர் ரன்னிங் பேக் என்றும் சொல்வது மிகையாகாது.

சரித்திரம் இதற்குச் சாட்சி சொல்லும். 1906-க்கு முன் பந்தை முன்னோக்கி எறிவதற்கே அனுமதி இல்லை. ஓட்டம் ஒன்றே வழியாக இருந்ததால், இரு பக்கத்தாரும் கும்பலாக மோதிக்கொண்டார்கள். உயிர்ச்சேதம் அதிகரித்து, ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் கல்லூரிகளின் பிரதிநிதிகளை அழைத்துப் பேச வேண்டிய நிலைமை வந்தது. பிறகு எறிதல் அனுமதிக்கப்பட்டாலும், தொழில்முறை லீக்கிலும் எறிபவர், இரு அணிகளும் எதிரெதிரே நிற்கும் கோட்டுக்கு ஐந்து கெஜமாவது பின்னால் நின்றுதான் எறிய வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. ஆகையால் ஒருவர் பந்தோடு கோட்டை நெருங்கிவிட்டால், அவர் ஓடத்தான் போகிறார் என்று எதிராளி நிச்சயமாக நம்பலாம்.

அந்த நம்பிக்கை 1932 டிசம்பரில் சிகாகோவில் குலைந்தது. குளிரும் பனியும் கடுமையாக இருந்தபடியால், சிகாகோ பேர்ஸ் அணியும் போர்ட்ஸ்மத் ஸ்பார்ட்டன்ஸ் அணியும் ஒரு கூரை வேய்ந்த மண்டபத்துக்குள், எண்பது கெஜமாகக் குறுக்கப்பட்ட தரையில் ஆடின. இரு தரப்பும் புள்ளி எடுக்காமல் கடைசிக் கால்பகுதி நடந்துகொண்டிருக்க, எல்லைக்கோடு எட்டும் தூரத்தில் பேர்ஸ் அணியின் கடைசி முயற்சி. பந்து பிராங்கோ நகுர்ஸ்கியின் கைக்கு வந்தது. எதிராளிகளை இடித்துத் தள்ளிக்கொண்டு போவதற்கே பெயர் பெற்ற அந்த மகாபலசாலி கோட்டை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்ததும், ஸ்பார்ட்டன்ஸ் முழுவதும் அவருக்கு முன்னால் குவிந்துவிட்டது. அவரோ சட்டென்று நின்று, பின்வாங்கி, எல்லைக்கு அப்பால் தனியே நின்ற தம் அணியின் ரெட் கிரேஞ்சுக்குப் பந்தை எறிந்துவிட்டார். ஐந்து கெஜம் பின்னால் இல்லை என்று எதிர்தரப்பு கூச்சலிட்டும் பலனில்லை. பேர்ஸ் 9-0 என்று ஜயித்தது. மறு வருஷமே அந்த நிபந்தனை நீக்கப்பட்டு, கோட்டுக்குப் பின்னால் எங்கிருந்தும் எறியலாம் என்று விதி திருத்தப்பட்டது. ஓட்டத்துக்குப் பேர்போன ஒருவர் ஓடாமல் விட்டதனால் ஆட்டத்தின் சட்டமே மாறியது என்பதைக் கவனிக்க வேண்டும்.

எட்டு ஆண்டுகள் கழித்து, 1940 டிசம்பர் 8-ஆம் தேதி வாஷிங்டனில் நடந்த சாம்பியன் ஆட்டத்தில், அதே பேர்ஸ் அணி டீ வியூகம் என்ற அமைப்பை உபயோகித்து 73-0 என்ற கணக்கில் வென்றது. குவார்ட்டர்பேக் சென்டருக்கு ஒட்டினாற்போல் நின்று பந்தை வாங்கி, எதிராளிக்கு முதுகைக் காட்டித் திரும்பி, பின்னால் நிற்கும் மூவரில் ஒருவருக்குக் கொடுப்பதும் மற்றவர்களுக்குக் கொடுப்பதாகப் பாவனை செய்வதுமே அதன் சாரம். ஆட்டம் தொடங்கி ஒரு நிமிஷம் ஆகுமுன் பில் ஒஸ்மான்ஸ்கி 68 கெஜம் ஓடி எல்லையைக் கடந்தார். பந்து யாரிடம் என்று தேடியே களைத்த எதிரணியின்மேல் அன்று ஏற்றப்பட்ட அந்தப் புள்ளிக்கணக்கை இன்றுவரை எந்த அணியும் மிஞ்சவில்லை.

இனி மூன்று தொழில்களையும் தனித்தனியே பார்ப்போம். முதலாவது ஓட்டம். பலம், வேகம் இரண்டும் இருந்தால் போதும் என்று தூரத்திலிருந்து பார்க்கிறவர் நினைக்கலாம். கிட்டே போய்ப் பார்த்தால் விஷயம் வேறு. பந்தை வாங்கும்போது, குவார்ட்டர்பேக் வரும் பக்கத்துக் கையை மார்பு உயரத்துக்குத் தூக்கி மடித்து, மற்றக் கையை வயிற்றுக்கு அடியில் ஏந்தி, இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளியை அவர் வைத்துக்கொள்கிறார். பந்தை அவர் எட்டிப் பறிப்பதில்லை, பார்ப்பதுகூட இல்லை. குவார்ட்டர்பேக் அதை வயிற்றில் அழுத்தியதும் இரண்டு கைகளும் தாமாக மூடிக்கொள்கின்றன. கண்கள் முழுவதும் முன்வரிசையின் மேலேயே இருக்கின்றன. பந்தைப் பார்க்கக் குனிந்த மாத்திரத்தில் திறந்திருந்த வழி மூடிவிடும். முன்வரிசை ஐவரும் ஒரே திசையில் பக்கவாட்டில் நகரும் வகையில் அமைந்த ஓட்டமானால், அவரும் அவர்களோடு அவசரமில்லாமல் நகர்ந்து, கார்டுக்கு அப்பால் இருக்கும் எதிராளி எந்தப் பக்கம் இழுக்கப்படுகிறான் என்று கவனிக்கிறார். அவன் வெளியே போனால் இவர் உள்ளே. அவன் உள்ளே தங்கினால் இவர் வெளியே. காலை ஒரே முறை ஊன்றித் திரும்பியபின் மறுயோசனைக்கு இடமில்லை. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியில் ஆடிய லெவியான் பெல், மறிப்பவர்களுக்குப் பின்னால் ஏறத்தாழ நின்றேவிட்டாரோ என்று தோன்றும்படி காத்திருந்து, பிறகு பாய்வதில் பிரசித்தி பெற்றவர். பொறுமை இல்லாத வேகம் இந்தத் தொழிலில் சுவரில் முட்டிக்கொள்வதற்கே உதவும்.

அந்தப் பொறுமைக்குப் பலன் தருகிறவர்கள் முன்வரிசைக்காரர்கள் என்பதை மறைக்கக் கூடாது. டென்வர் பிராங்கோஸ் அணியின் வரலாறு இதற்குத் தக்க உதாரணம். பயிற்சியாளர் மைக் ஷானஹனும், முன்வரிசையைப் பயிற்றுவித்த அலெக்ஸ் கிப்ஸும் பக்கவாட்டில் நகர்ந்து மறிக்கும் முறையைச் செம்மைப்படுத்தியிருந்தார்கள். புது ஆட்டக்காரர்களைப் பொறுக்கும் 1995-ஆம் வருஷத்து டிராஃப்டில் ஆறாவது சுற்றுவரை யாரும் தொடாமல் விட்ட டெரல் டேவிஸ், அவர்கள் கீழே 1998-இல் 2,008 கெஜம் ஓடினார். மறு வருஷம் அவர் முழங்காலில் அடிபட்டு விலக, ஒலாண்டிஸ் கேரி என்ற புதியவர் 1,159 கெஜம் ஓடினார். அதற்கடுத்த வருஷம், அவரும் ஆறாவது சுற்றில் வந்தவரான மைக் ஆண்டர்சன் 1,487. 2002-இல் கிளின்டன் போர்ட்டிஸ் 1,508. யாரை நிறுத்தினாலும் ஒன்றுதான் என்று சொல்லும் கட்சியாருக்கு இதைவிட அனுகூலமான சாட்சியம் கிடைக்காது.

ஆனால் அந்தச் சாட்சியத்துக்கு மறுபக்கமும் உண்டு. சேக்வான் பார்க்லி 2023-இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியில் ஓட்டம் ஒன்றுக்கு 3.9 கெஜம் வீதம் 962 கெஜம் ஓடினார்; 2024-இல் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணிக்குப் போய், 5.8 கெஜம் வீதம் 2,005 கெஜம் ஓடினார். மனிதர் அவரே. முன்வரிசை மாறியது, அதோடு, தாமும் நன்றாக ஓடக்கூடிய ஜேலன் ஹர்ட்ஸ் குவார்ட்டர்பேக்காக அமைந்தபடியால், பந்து இவரிடம் இருக்கிறதா அவரிடம் இருக்கிறதா என்று எதிராளி கண்ணை இரண்டாகப் பங்கிட்டுக்கொள்ள நேர்ந்தது. வழி திறந்துவிடுவது அணியின் வேலை. திறந்த வழி முடிகிற இடத்தில் தொடங்குவது மனிதரின் வேலை. ஜாக்ஸன்வில் அணிக்கு எதிராக, ஒரு எதிராளியிடமிருந்து சுழன்று விடுபட்ட அதே மூச்சில், தமக்குப் பின்னால் குனிந்து பாய்ந்த இன்னொருவனை முதுகுப் பக்கமாகவே எம்பித் தாண்டிப் போனாரே பார்க்லி, அதை எந்த முன்வரிசையும் கற்றுக்கொடுக்கவில்லை. ஆயினும் மனிதரின் திறமை மட்டுமே அணியைக் கரையேற்றாது என்பதற்கு டிட்ராய்ட் லயன்ஸ் அணியின் பாரி சாண்டர்ஸ் இருக்கிறார்: பத்துப் பருவங்களில் 15,269 கெஜம் ஓடிய அந்த அற்புதக் கலைஞரின் காலத்தில், அவருடைய அணி பருவ இறுதிச் சுற்றுகளில் ஜயித்தது ஒரே ஒரு ஆட்டம்.

ஓட்டம் முடிந்த பிறகும் சந்தேகத்தைக் காக்கலாம் என்று காட்டியவர் ஜிம் பிரவுன். 1957 முதல் 1965 வரை கிளீவ்லாண்ட் பிரவுன்ஸ் அணியில் ஒன்பது பருவங்கள் ஆடி, எட்டில் லீக்கிலேயே முதல்வராக நின்று, ஓட்டத்துக்கு 5.2 கெஜம் வீதம் 12,312 கெஜம் சேர்த்து, ஓர் ஆட்டம்கூடத் தவறாமல் 118 ஆட்டங்கள் ஆடிய மகாவீரர் அவர். ஒவ்வொரு முறை வீழ்த்தப்பட்ட பிறகும் அவர் மிக மெதுவாக, உடம்பெல்லாம் நொந்தவர்போல் எழுந்து நடந்துபோவார். உண்மையாகவே அடிபட்டபோதும் அப்படித்தான், அடிபடாதபோதும் அப்படித்தான். எது மெய், எது பாவனை என்று எதிராளிகள் ஒன்பது ஆண்டுகளும் அறிய முடியவில்லை.

இரண்டாவது தொழில் மறித்தல். இதில் புகழ் கிடையாது; செய்து முடித்தால் யாரும் கவனிப்பதில்லை; தவறினால் நாடு முழுவதும் பார்க்கும். இந்தத் தொழிலுக்கு ஆதர்சமாக விளங்கியவர் மேரியன் மோட்லி. 1934 முதல் 1945 வரை கறுப்பர் ஒருவரைக்கூடச் சேர்த்துக்கொள்ளாமல் என்.எஃப்.எல். தன் கதவை அடைத்திருந்த காலம் முடிந்த கையோடு, 1946-இல் போட்டி லீக் ஒன்றின் கிளீவ்லாண்ட் அணியில் சேர்ந்த மோட்லி, ஒருபுறம் எதிராளிகளின் வசைகளையும் பூட்ஸ் மிதிகளையும் தாங்கிக்கொண்டு, மறுபுறம் குவார்ட்டர்பேக் ஆட்டோ கிரகாமின் மேல் விரல் படாமல் காத்தார். அந்த அணி 1950-இல் என்.எஃப்.எல்.லில் சேர்ந்தபோது, பிட்ஸ்பர்க் அணிக்கு எதிரே ஒரே ஆட்டத்தில் பதினொரு ஓட்டங்களில் 188 கெஜம் ஓடியவரும் அவரே. எறியப்போவதாகக் காட்டிவிட்டு, எதிராளிகள் உள்ளே புகுந்து வந்ததும் பந்தை ஓட்டக்காரரிடம் திணிக்கும் டிரா என்ற யுக்தி, நெருக்கடியில் அகப்பட்ட கிரகாம் தற்செயலாக மோட்லியிடம் பந்தைத் தள்ளியதிலிருந்து பிறந்ததென்று சொல்வார்கள். காவலுக்கு நிற்கிறவர் நம்பிக்கையோடு நின்றதால்தான் அந்த வஞ்சனை பலித்தது.

மறிப்பதற்கு நிற்கிறவர், பந்து வருமுன்னரே எதிராளிகளை எண்ணி, எவன் தம்முடைய பொறுப்பு என்று நிச்சயித்துக்கொள்ள வேண்டும். இருவர் வந்தால் குவார்ட்டர்பேக்குக்குக் கிட்டிய வழியில், அதாவது உட்புறமாக, வருகிறவனை முதலில் பிடிக்க வேண்டும் என்பது பாலபாடம். வருகிறவன் தம்மைவிட இருபது முப்பது ராத்தல் கூடுதலாக இருப்பான். ஓடிவந்த வேகமும் அவனிடம் இருக்கும். இவரோ நின்ற இடத்தில் நிற்கிறார். 2017 பிப்ரவரி 5-ஆம் தேதி ஹூஸ்டனில் நடந்த, சூப்பர் பவுல் என்று அழைக்கப்படும் லீக்கின் இறுதி ஆட்டத்தில் அட்லாண்டா ஃபால்கன்ஸ் 28-3 என்று முந்திச் சென்றிருந்தது. கடைசிக் கால்பகுதியில் 28-12 என்று இருந்தபோது, அட்லாண்டாவுக்கு வேண்டியது ஒரே ஒரு கெஜம். குவார்ட்டர்பேக் மாட் ரயன் எறியப் பின்வாங்கினார். பக்கத்தில் நின்ற ரன்னிங் பேக் டெவான்ட்டா ஃப்ரீமன், பாய்ந்து வந்த டான்டா ஹைடவரை மறிக்கத் தவறினார். ஹைடவர் ரயனின் கையிலிருந்து பந்தைத் தட்டிவிட, நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அதைக் கைப்பற்றி, சில நிமிஷங்களுக்குள் டச்டவுன் எடுத்தது. ஓட்டத்துக்குப் பேர் பெற்ற ஃப்ரீமன் அன்று ஓடிய கெஜங்களை இன்று யாரும் பேசுவதில்லை.

அதே ஆட்டம் மூன்றாவது தொழிலான பிடித்தலுக்கும் உதாரணமாகிறது. பேட்ரியட்ஸ் அணியின் ஜேம்ஸ் ஒயிட், டிராஃப்டில் நான்காம் சுற்றில் வந்தவர். பெரிய ஓட்டக்காரர் என்று யாரும் அவரைச் சொன்னதில்லை. அன்று அவர் பதினான்கு முறை பந்தைப் பிடித்து 110 கெஜம் சேர்த்தார். மூன்று டச்டவுன் எடுத்தார். நான் சொன்ன அந்த டச்டவுனை அடுத்துக் கிடைத்த இரண்டு புள்ளி வாய்ப்பில், குவார்ட்டர்பேக் டாம் பிரேடி பந்து தம் தலைக்கு மேல் பறந்துவிட்டதுபோல் எம்பிக் குதிக்க, சென்டரோ பந்தை நேரே ஒயிட்டிடம் விட்டிருந்தார். எதிராளிகள் தெளியுமுன் அவர் உள்ளே புகுந்துவிட்டார். கூடுதல் நேரத்தில் 34-28 என்று ஆட்டத்தை முடித்ததும் அவருடைய இரண்டு கெஜ ஓட்டமே. மொத்தம் இருபது புள்ளிகள் அவர் கணக்கில் ஏறின. ஒரே மாலையில், ஒரு ரன்னிங் பேக் பந்தில்லாத வேளையில் தவறியதால் ஆட்டம் கைநழுவத் தொடங்கியது. இன்னொரு ரன்னிங் பேக் என்ன செய்வார் என்று தெரியாததால் அது மற்றவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

பிடிக்கத் தெரிந்த ஓட்டக்காரர் எதிராளிக்கு ஏன் பெருந்தொல்லை என்று கேட்கலாம். அவரைப் பின்தொடர, முன்வரிசைக்குப் பின்னால் நின்று காக்கும் கனத்த லைன்பேக்கரை ஏவினால், திறந்த வெளியில் அவனால் ஈடுகொடுக்க முடியாது. அவனை எடுத்துவிட்டு இலேசான உடம்புக்காரனை நிறுத்தினால், உடனே பந்தைக் கையில் கொடுத்து நடுவே ஓடவிட்டு அவனை இடித்துத் தள்ளிவிடலாம். சான் பிரான்சிஸ்கோ பயிற்சியாளர் பில் வால்ஷ் இந்தச் சங்கடத்தை ஒரு சாஸ்திரமாகவே ஆக்கினார். அவருடைய ரோஜர் கிரெய்க் 1985-இல் ஓடி 1,050 கெஜமும் பிடித்து 1,016 கெஜமும் சேர்த்து, ஒரே பருவத்தில் இரண்டிலும் ஆயிரத்தைத் தாண்டிய முதல் மனிதர் ஆனார். 1999-இல் செயின்ட் லூயிஸ் அணியின் மார்ஷல் ஃபால்க்கும், 2019-இல் கரோலைனா அணியின் கிறிஸ்டியன் மெக்காஃப்ரியும் அதே சாதனையைச் செய்தார்கள்.

இங்கே புள்ளிவிவரக்காரர்களின் ஆட்சேபத்தைக் கேட்பது நியாயம். சராசரியாக ஓர் ஓட்டம் நான்கு கெஜத்துக்குச் சற்று மேல் தருகிறது. பிடிபடாமல் வீணாகிறவற்றையும் குவார்ட்டர்பேக் வீழ்த்தப்படுகிறவற்றையும் கழித்துப் பார்த்தாலும் ஓர் எறிதல் ஆறு கெஜத்தை ஒட்டித் தருகிறது. ஆகவே ஓடுவதே நஷ்டம் என்கிறார்கள். அன்றியும், ஓட்டக்காரரிடம் பந்தைக் கொடுப்பதாகப் பாவித்து எறியும் உபாயம், நன்றாக ஓடும் அணிக்கு மட்டுமின்றி மோசமாக ஓடும் அணிக்கும் பலிக்கிறதே என்கிறார்கள். இந்த இரண்டாவது வாதம் அவர்கள் கட்சியைவிட என் கட்சிக்கே உதவுகிறது. எதிராளி பயப்படுவது ஓட்டக்காரர் போன வாரம் ஓடிய கெஜங்களுக்கு அல்ல, அவர் இப்போது ஓடக்கூடும் என்பதற்கே என்று அது நிரூபிக்கிறது. மறிக்கத் தெரியாத ஒருவரை எறியும் வேளைகளிலெல்லாம் வெளியே அழைத்துக்கொண்டு, பிடிக்க மட்டும் தெரிந்த மற்றொருவரை உள்ளே அனுப்பும் அணி, ஆள் மாறுவதைக் கொண்டே தன் ரகசியத்தை வெளியிட்டுவிடுகிறது. மூன்று தொழிலும் தெரிந்தவர் நின்றால் எதிராளி அவர் முகத்தைப் பார்த்து எதையும் ஊகிக்க முடியாது. ஓட மட்டும் தெரிந்தவரின் இடத்தில் இன்னொருவரை நிறுத்தலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இப்படிப்பட்டவரின் இடத்தில் நிறுத்த ஆள் எளிதில் அகப்படமாட்டார்.

சந்தேகத்தையே நம்பிக்கொண்டு மெய்யான பலத்தைச் செலவழிக்கத் தயங்குவதும் ஆபத்து. 2015 பிப்ரவரி 1-ஆம் தேதி அரிசோனாவில் நடந்த சூப்பர் பவுலில், சியாட்டில் அணிக்கு ஒரு கெஜம் பாக்கி. நிமிஷமும் மீதம் இல்லை. சற்று முன்புதான் மார்ஷான் லிஞ்ச் எதிராளிகளை இழுத்துக்கொண்டே நான்கு கெஜம் ஓடியிருந்தார். மறுபடி அவரிடமே பந்து போகும் என்று எல்லாரும் காத்திருக்க, சியாட்டில் எறிந்தது. டிராஃப்டில் எவரும் பொறுக்காத புதியவரான மால்கம் பட்லர் குறுக்கே பாய்ந்து அதைப் பிடித்துவிட்டார். 28-24 என்று பேட்ரியட்ஸ் வென்றது. பாவனைக்குப் பின்னால் நிற்கும் மெய்யை ஏற்ற சமயத்தில் செலவழிக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

இனி ஊதியத்தைப் பற்றி. ஓட்டக்காரரின் சரீரம் மற்றெவருடையதையும்விட விரைவில் தேய்கிறது. 1994 ஜனவரி 2-ஆம் தேதி ஜயன்ட்ஸ் அணிக்கு எதிரே ஆடிய டல்லாஸ் கவ்பாய்ஸ் அணியின் எம்மிட் ஸ்மித், முதற்பாதி முடியுந்தறுவாயில் வலது தோள் மூட்டு விலகியும் வெளியேறாமல் ஆடி, மொத்தம் 32 ஓட்டங்களில் 168 கெஜமும், பத்து முறை பிடித்து 61 கெஜமும் சேர்த்தார். கூடுதல் நேரத்தில் டல்லாஸ் 16-13 என்று வென்றது. அந்தப் பருவத்தின் தொடக்கத்தில் இதே ஸ்மித் சம்பளத் தகராறில் இரண்டு ஆட்டங்களுக்கு வராமல் இருந்தார். இரண்டிலும் டல்லாஸ் தோற்றது. அவர் திரும்பிய பிறகு சூப்பர் பவுலையே வென்றது. அன்று ஓட்டக்காரர் கோபித்துக்கொண்டால் முதலாளி இறங்கி வந்தார்.

இன்று அப்படியில்லை. லீக்குக்கும் ஆட்டக்காரர் சங்கத்துக்கும் 2011-இல் ஏற்பட்ட ஒப்பந்தம் தொடங்கி, டிராஃப்டில் வரும் புதியவர் நான்கு வருஷங்களுக்கு நிர்ணயித்த சம்பளத்தில் கட்டுப்பட்டிருக்க வேண்டும். அதன் பிறகும் ஃபிரான்சைஸ் டேக் என்ற உரிமையால் அணி அவரை ஒரு வருஷம் நிறுத்திவைத்துக்கொள்ளலாம். இருபத்தொன்றில் வந்தவர் விடுதலை பெறும்போது இருபத்தாறைத் தொடுகிறார். அப்போது, இவர் தேய்ந்துவிட்டார் என்று சொல்லிவிடுகிறார்கள். குவார்ட்டர்பேக்குக்கு அது தொழிலின் ஆரம்பம். ஓட்டக்காரருக்கு அதற்குள் நடுப்பகல் சாய்ந்துவிடுகிறது. 2013, 2014 இரண்டு வருஷத்து டிராஃப்டுகளிலும் முதற்சுற்றில் ஒரு ரன்னிங் பேக்கைக்கூட யாரும் பொறுக்கவில்லை. 2018-இல் லெவியான் பெல் 1 கோடியே 45 லட்சம் டாலர் டேக்கை மறுத்துப் பருவம் முழுவதும் வீட்டில் இருந்தார். அவருக்குப் பதிலாக ஜேம்ஸ் கானர் 973 கெஜம் ஓடிவிட்டார். 2023-இல் இதே டேக் ரன்னிங் பேக்குக்கு ஏறக்குறைய ஒரு கோடி டாலராகக் குறைந்திருந்தது. மறு வருஷம் பார்க்லி பிலடெல்பியாவிலும், முப்பது வயதான டெரிக் ஹென்றி பால்டிமோரிலும் செய்த சாதனைகளால் காற்று கொஞ்சம் திசை மாறியிருக்கிறது. ஹென்றி 1,921 கெஜம் ஓடினார்; பார்க்லி தம் இருபத்தெட்டாவது பிறந்தநாளிலேயே சூப்பர் பவுலை வென்று, 2025 மார்ச்சில் இரண்டு வருஷத்துக்கு 4 கோடியே 12 லட்சம் டாலருக்குப் புது ஒப்பந்தம் பெற்றார். ஆனால் குவார்ட்டர்பேக் டாக் பிரெஸ்காட்டுக்கு வருஷம் ஒன்றுக்கே 6 கோடி டாலர் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆகவே என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஓடிய கெஜங்களுக்காக மட்டும் ஒருவரை விலைக்கு வாங்கும் அணி, முன்வரிசையின் உழைப்புக்கு அவரிடம் பணம் கொடுக்கிறது. யாரானாலும் ஒன்றுதான் என்று சொல்லும் அணியோ, மறித்தலிலும் பிடித்தலிலும் அவர் காக்கும் ரகசியத்தை இலவசமாக அனுபவிக்கப் பார்க்கிறது. இரண்டும் கணக்குப் பிழைகளே. அவருடைய பிராயத்துக்கும் தேய்மானத்துக்கும் ஏற்றபடி, இந்த ஸ்தானத்துக்கு மட்டுமாவது முதல் ஒப்பந்தத்தின் காலத்தைக் குறைப்பதுதான் நியாயமான பரிகாரம் என்பது என் அபிப்பிராயம். நான்கு வருஷம் என்பது இரண்டாகவோ மூன்றாகவோ ஆனால், உடம்பில் பலம் இருக்கும்போதே அவர் தம் விலையைப் பேசிக்கொள்ளலாம். 2020-இல் ஆட்டக்காரர் சங்கம் 1,019-க்கு 959 என்ற சொற்ப வித்தியாசத்தில் அங்கீகரித்த தற்போதைய ஒப்பந்தம் 2030-ஆம் பருவம் வரை அமலில் இருக்கும். அறுபது வாக்குகள் பெரிய எண்ணிக்கை அல்ல. சங்கத்திலே ரன்னிங் பேக்குகள் சிறுபான்மையோர்தாம்; எனினும் அவர்களால் காக்கப்பட்ட குவார்ட்டர்பேக்குகளும், அவர்கள் தந்த ஒரு நொடி அவகாசத்தால் விடுபட்டு ஓடிய ரிசீவர்களும் அவர்கள் பக்கம் கை தூக்கினால், அடுத்த ஒப்பந்தத்தில் இந்த ஒரு ஷரத்தை மாற்றுவது அசாத்தியமான காரியம் அன்று.